முதலில் சூடு, பிறகு கை: இறுகிய தோள்களுக்கு இன்ஃப்ராரெட் சானாவும் மசாஜும்

மாலையானால் கழுத்தைத் திருப்பும்போது தோளும் சேர்ந்து திரும்புகிறதா? தோள்பட்டை எலும்பின் மேல் உள்மூலையை விரலால் அழுத்திப் பாருங்கள். சுண்டைக்காய் அளவில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டு, அமுக்கியதும் வலி பிடரி வழியாக மேலே ஏறினால், இந்தப் பதிவு உங்களுக்குத்தான். நாள் முழுக்க லேப்டாப் முன் குனிந்திருக்கும் எனக்கும் அதே இடம்தான். வெறும் மசாஜ் இரண்டு நாள் தாங்கும். சூடு கொடுத்துவிட்டுச் செய்த மசாஜ்தான் எனக்கு வாரம் முழுக்கத் தாங்கியது.

ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்கள் டாக்டரைக் கேட்காமல் சானாவுக்குள், அதாவது உட்கார்ந்து வியர்க்கும் சூடான மர அறைக்குள், போக வேண்டாம். காய்ச்சல் இருந்தாலோ, மது குடித்திருந்தாலோ அன்றைக்கு வேண்டவே வேண்டாம். அடிபட்டு வீங்கிய இடத்துக்கு முதல் 2 நாள் சூடும் கூடாது, அமுக்கலும் கூடாது.

ஃபின்லாந்து சானாவில் காற்று 80 டிகிரி செல்சியஸ், அதற்கு மேலும் கொதிக்கும். இன்ஃப்ராரெட் (அகச்சிவப்பு) கேபினில் 45 முதல் 60 டிகிரிதான். சுவரில் பதித்த ஹீட்டர் பலகையின் கதிர் நேராக உடம்பைச் சூடாக்குகிறது. 'கதிர் சதைக்குள் அங்குலக் கணக்கில் இறங்கும்' என்று விளம்பரம் செய்கிறார்கள். அதை நம்பாதீர்கள். இந்தக் கேபின்களில் பெரும்பாலும் வரும் தூர அகச்சிவப்புக் கதிர் தோலின் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். அங்கே சூடேறிய ரத்தம்தான் வெப்பத்தை உள்ளே கொண்டுபோகிறது. அதற்கு நேரம் பிடிக்கும். முதல் சில நிமிடம் ஒன்றுமே தெரியவில்லையே என்று டிகிரியை ஏற்றிவிடாதீர்கள்.

சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்துப் போங்கள். போகும் முன் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். சங்கிலி, வளையல் எல்லாம் கழற்றிவிடுங்கள், உலோகம் சூடேறிச் சுடும். உடம்பில் எண்ணெயோ லோஷனோ இருக்கக் கூடாது. ஆயுர்வேதத்தில் வரிசை நேர்மாறு, முதலில் எண்ணெய், பிறகுதான் வியர்வை. அந்தப் பழக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே மரப்பலகையில் வழுக்கும், கறையும் பிடிக்கும்.

முதல் தடவை 45 முதல் 50 டிகிரி, 10 முதல் 15 நிமிடம் போதும். டவல் விரித்து, முதுகு ஹீட்டர் பலகைப் பக்கம் இருக்கும்படி, அதில் சாயாமல் உட்காருங்கள். நெற்றியில் வியர்வை துளிர்த்ததும் காதைத் தோளை நோக்கி மெதுவாகச் சாய்த்து, அப்படியே சில மூச்சு இருங்கள். பிறகு மறுபக்கம். தலை லேசானாலோ, குமட்டினாலோ, படபடப்பு வந்தாலோ எத்தனை நிமிடம் ஆனது என்று பார்க்காமல் வெளியே வாருங்கள். நான்கைந்து தடவை பழகிய பிறகு 20 நிமிடம் வரை போகலாம்.

அடுத்து வருவதுதான் பலரும் விட்டுவிடும் படி: இடைவெளி. நான் முதலில் போன இடத்தில் 40 நிமிடம் கேபினில் விட்டார்கள். வெளியே வந்த கையோடு மசாஜ் மேசையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். முடிந்து எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கியிருக்கும், வியர்வையில் தண்ணீரும் போயிருக்கும். ஜப்பானின் ககோஷிமாவில் இதய நோயாளிகளுக்காக உருவான 'வாவோன்' சிகிச்சையில் 60 டிகிரியில் 15 நிமிடம்தான் சூடு, அதன்பின் போர்வைக்குள் 30 நிமிடம் ஓய்வு. சூட்டைவிட ஓய்வு இரண்டு மடங்கு! அது மருத்துவர் கண்காணிப்பில் நடப்பது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஓய்வைத்தான். குறைந்தது 15 நிமிடம் உட்காருங்கள். வியர்வையைத் துடைத்துவிட்டு, உப்புப் போட்ட மோரோ தண்ணீரோ குடியுங்கள்.

மசாஜுக்குப் படுக்கும் முன் தெரபிஸ்டிடம், "சானாவிலிருந்து வருகிறேன், அழுத்தம் குறைவாகவே போதும்" என்று சொல்லுங்கள். இதில் கூச்சமே வேண்டாம். சூடேறிய சதையில் வலி மந்தமாகத் தெரியும். இன்னும் அமுக்கச் சொல்லி நாமே கேட்போம், மறுநாள் அந்த இடம் கன்றிப்போயிருக்கும். முதல் 5 நிமிடம் உள்ளங்கையால் வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தடவி நீவினாலே போதும். பிறகு கட்டைவிரலை முடிச்சின் மேல் வைத்து, 10-க்கு 5 அளவு வலியில் அரை நிமிடம் அசைக்காமல் நிறுத்த வேண்டும். விரலுக்கடியில் அது இளகுவது தெரியும். இளகாவிட்டால் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம், சண்டை போட்டு உடைக்கும் பொருள் இல்லை அது. கழுத்தின் முன்பக்கத்திலும் முதுகெலும்பின் மேலும் விரல் வைக்கவே கூடாது. முதல் தடவைக்கு அரை மணி நேரம் தாராளம்.

சானா வசதி இல்லாத ஊரில், வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றித் தோளில் 15 நிமிடம் ஒத்தடம் கொடுத்துவிட்டு இதே வரிசையில் செய்யலாம்.

முடிந்ததும் வெதுவெதுப்பான குளியல். அன்றைக்கு ஜிம் வேண்டாம். தலை தெளியும் வரை வண்டியும் எடுக்க வேண்டாம். மறுநாள் லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். ஆனால் கை மரத்துப்போவது, பிடி தளர்வது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது இருந்தால் மசாஜை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். நெஞ்சு இறுக்கத்தோடு தோள் வலித்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு.

வாரம் ஒரு தடவை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் போகும் முன், ஒரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோளை அசைக்காமல் தலையைத் திருப்பி, சுவரில் பார்வை எட்டும் இடத்தைக் குறித்து வையுங்கள். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். முதல் தடவைக்குப் பிறகு எனக்கு ஜன்னல் விளிம்பு தெரிந்தது. நான்காவது வாரம் ஜன்னலுக்கு வெளியே நின்ற வேப்பமரமே தெரிந்தது.