நம்பிக்கையுள்ள வீட்டில் புரோகிதர் இல்லாமல் திருமணம் நடத்துவது எப்படி?

மணமக்களுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பெற்றோரோ குலதெய்வத்துக்குக் காசு முடிந்துவைத்து, நாள் குறிக்கக் காத்திருக்கிறார்கள். இத்தகைய வீடுகளில் பேச்சு சடங்கில் தொடங்கினாலும், "மந்திரம் ஓதாத கல்யாணம் செல்லுமா, நாளைக்குச் சொத்துக்கும் பிள்ளைகளுக்கும் என்ன பாதுகாப்பு?" என்ற பயத்தில்தான் போய் நிற்கும். ஆகவே முதலில் சட்டத்தைப் பேசுங்கள்.

அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் 1928-இல் பெரியார் தலைமையில், புரோகிதரும் மந்திரமும் இல்லாத முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அப்படி நடந்த திருமணம் ஒன்று சட்டப்படி செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் இயற்றப்பட்ட திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு அவ்வாறு நடந்த திருமணங்களுக்கும் ஏற்பு கிடைத்தது.

7ஏ கேட்பது மிகக் குறைவு. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில் மூன்றில் ஒன்று நடந்தால் போதும். இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாகச் சொல்லலாம், மாலை மாற்றலாம் அல்லது மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். அக்னியும் ஏழடியும் கட்டாயமில்லை. ஊரறியப் பந்தல் போட்டுத்தான் நடத்த வேண்டும் என்பதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவுபடுத்தியது.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் 7ஏ பொருந்தும். நாத்திகரானாலும் இந்துவாகப் பிறந்து வேறு மதத்துக்கு மாறாதவர் சட்டத்தின் கண்ணில் இந்துதான். பௌத்தர், சமணர், சீக்கியரும் அதில் அடங்குவர். ஆனால் ஒருவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால், மேடையில் எவ்வளவு அழகாக உறுதிமொழி சொன்னாலும் இந்தப் பிரிவு காப்பாற்றாது. 7ஏ தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் என்பதால், பெங்களூரிலோ திருவனந்தபுரத்திலோ மண்டபம் பிடித்தவர்களும் இதை நம்பி இறங்கக் கூடாது.

அவர்களுக்கு உரியது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். மணமக்களில் ஒருவராவது, நோட்டீஸ் கொடுக்கும் மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். திருமண அலுவலரிடம் நோட்டீஸ் கொடுத்த பிறகு ஆட்சேபத்துக்கு 30 நாள் விடுவார்கள். நோட்டீஸ் கொடுத்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று சாட்சிகள் வேண்டும். மண்டபத் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள். கடைசி நேர ஓட்டம் இராது. இதில் மணப்பவர்கள் வெவ்வேறு மதத்தவரானால், வாரிசுரிமைக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். இந்துக் கூட்டுக்குடும்பத்தில் இருப்பவர் அதிலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். பூர்வீகச் சொத்துள்ள வீட்டார் இதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

இனி மேடை. தலைமை தாங்க ஒருவர், வரவேற்க ஒருவர், வாழ்த்த நான்கு பேர், நன்றி சொல்ல ஒருவர் போதும். தலைவரை ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிவது பழைய வழக்கம்; அந்த இரண்டு வாய்ப்பையும் இரு வீட்டுப் பெண்களுக்குக் கொடுக்கலாம். உறுதிமொழியை நிகழ்ச்சியின் கடைசிக்குத் தள்ளாதீர்கள். வாழ்த்துரைகள் நீண்டு, பந்தி தொடங்கி, கூட்டத்தில் பாதி எழுந்துபோன பிறகு மணமக்கள் வாய் திறப்பதுதான் இந்தத் திருமணங்களின் பெரிய குறை. வரவேற்பும் தலைவரின் சிற்றுரையும் முடிந்ததும் உறுதிமொழி, மாலை, மோதிரம் அல்லது தாலி. அதன் பிறகு ஆளுக்கு ஐந்து நிமிடம் வாழ்த்து. மொத்தம் ஒரு மணி நேரத்தில் முடியும்.

உறுதிமொழியைத் தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். "இன்று முதல் உங்களை என் மனைவியாக ஏற்கிறேன்", "உங்களை என் கணவராக ஏற்கிறேன்" என்ற வாக்கியம் நேரடியாக இருக்கட்டும். வீட்டு வேலை, வருமானம், இரு பக்கப் பெற்றோரின் பராமரிப்பு பற்றி மேலும் நான்கு வரி சேர்க்கலாம். இருவரும் ஒலிபெருக்கியில், தம் வாயால், முழுதாகச் சொல்ல வேண்டும். தலைவர் வாசிக்க மணமகள் தலையாட்டுவது ஏற்பு ஆகாது.

நேரம் குறிப்பதில் பிடிவாதம் எதற்கு என்பதை யோசியுங்கள். பஞ்சாங்கத்தை மறுப்பதற்காகவே ராகு காலத்தில் நடத்துபவர்கள் உண்டு; கொள்கையைச் சொல்லிக்காட்ட அது நேர்மையான வழி. ஞாயிறு ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. வேலைக்குப் போகிறவர்களுக்கும் வசதியான நேரம். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரமும் பாட்டி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்றால், நேரத்தை அவரே குறிக்கட்டும். உங்கள் நம்பிக்கையின்மைக்கு அதனால் ஒரு குறையும் வராது.

விட்டுக்கொடுப்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு: நம்பாததை மணமக்கள் வாயால் சொல்ல வேண்டாம், நம்புகிறவர்கள் தாமாகச் செய்வதை மணமக்கள் தடுக்கவும் வேண்டாம். முதல் நாள் பெற்றோர் கோயிலில் அர்ச்சனை செய்யலாம், வீட்டில் விளக்கேற்றலாம், திருநீறு பூசி ஆசி சொல்லலாம். கன்னிகாதானம் வேறு கதை. பெண்ணைத் தானமாகக் கொடுக்கும் சடங்கை, ஊருக்காகக்கூட ஒத்துக்கொள்ளாதீர்கள். மேடையில் பேசுபவர்களிடமும் முன்பே சொல்லிவையுங்கள்: இது மூடநம்பிக்கை எதிர்ப்புக் கூட்டமில்லை, முன்வரிசையில் நெற்றி நிறையத் திருநீறோடு அமர்ந்திருப்பவர் மணமகனின் தந்தை. அவரைக் குத்தும் ஒரு வாக்கியத்தால் அடுத்த பத்தாண்டுக்கு இரு வீட்டுப் போக்குவரத்தே நின்றுபோகலாம்.

"காலையில் வைதிக முறை, மாலையில் சுயமரியாதை முறை" என்று இரண்டும் வைத்தால், எது திருமணம் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். அழைப்பிதழில் ஒரு தேதியும் பதிவு மனுவில் வேறு தேதியும் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேள்வி வரும்.

பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. திருமணம் நடந்த இடத்துக்குரிய அலுவலகத்தில் மட்டுமின்றி, மணமக்களில் ஒருவர் வசிக்கும் எல்லையிலும் பதியலாம். மனுவில் திருமணத்தை நடத்திவைத்தவரும் கையெழுத்திட வேண்டும். தலைமை தாங்கியவர் வெளியூர்க்காரர் என்றால், அன்றே மண்டபத்தில் படிவத்தில் வாங்கிவிடுங்கள். பிறகு அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் 90 நாள் ஓடிவிடும். அழைப்பிதழ், உறுதிமொழி சொல்லும் காட்சியின் படம், வயதுக்கும் முகவரிக்கும் சான்று, சாட்சிகளின் அடையாளச் சான்று எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

விழா எதுவும் வேண்டாம், பதிந்தால் போதும் என்று நினைப்பவர்கள் கவனிக்க: இந்து திருமணச் சட்டப்படி முதலில் திருமணம் நடந்திருக்க வேண்டும், நடக்காத திருமணத்தைச் சான்றிதழ் உண்டாக்காது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. நான்கு பேர் முன்னால் மாலையாவது மாற்றிக்கொண்டு, படம் எடுத்துவைத்துவிட்டுப் பதியப் போங்கள். அல்லது சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ், அலுவலர் முன்னிலையிலேயே மணந்துகொள்ளுங்கள்.