பாடகர் மாறிய ஹெவி மெட்டல் ஆல்பத்தைக் கேட்பது எப்படி

புதுப் பாடகருடன் ஒரு மெட்டல் குழு வெளியிட்ட முதல் ஆல்பத்தைக் கேட்க உட்காருகிறவர், ஒரு வாரம் முன்பிருந்தே பழைய பாடகரின் ஆல்பங்களைத் தொடாமல் இருப்பது நல்லது. பழைய குரல் காதில் சூடாக இருக்கும்போது புதியதைப் போட்டால், போனவரைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் என்று தமிழும் மலையாளமும் ஒரே டீக்கடைப் பெஞ்சில் உட்காரும் எங்கள் ஊர்களில், மெட்டல் கேட்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறோம். இருந்தும் கூடினால் பழைய ஆள் பெரியவரா, புது ஆள் பெரியவரா என்ற சண்டை வராமல் கலைவதில்லை. மைக் செட் வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை குறைந்துவிட்டது. இந்தப் பாட்டு எந்தத் தொண்டையை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது என்று கேட்டால்தான் ஆல்பம் பிடிபடுகிறது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மெட்டல் அல்ல, ஒரு பஜனைக் குழு. பழைய பாடகர் மகள் வீட்டோடு திருப்பூருக்குப் போய்விட, அவர் இடத்தில் ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்தான். ஆர்மோனியக்காரர் கை பழகிய இரண்டு கட்டையிலேயே (கட்டை என்பது சுருதியின் உயரத்தை எண்ணும் நம் கணக்கு) தொடங்கினார். சரணத்தில் மேலே போகும் இடமெல்லாம் பையனின் குரல் உடைந்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். சுண்டல் கொடுக்கும் இடைவேளையில் ஆர்மோனியக்காரர் யாரிடமும் சொல்லாமல் ஒரு கட்டைக்கு இறக்கினார். அடுத்த பாட்டில் மிக்சரில் அவன் குரலுக்கான குமிழை நான் குறைக்க வேண்டியிருந்தது, அவ்வளவு தாராளமாக வந்தது. தலையாட்டிய பெரியவர்களே கடைசியில் கூடச் சேர்ந்து பாடினார்கள்.

ஆகவே ஆல்பத்தைப் போடுவதற்கு முன் இரண்டு தகவல்களைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, பழைய பாடகர் எப்படிப் போனார் என்பது. இறந்தாரா, வெளியேற்றப்பட்டாரா, தானாக விலகினாரா என்பதைப் பொறுத்து ஆல்பத்தின் முகமே வேறாகும். ஏசி/டிசி குழுவின் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று இறந்தார். பிரயன் ஜான்சன் பாடிய ‘பேக் இன் பிளாக்’ அதே ஆண்டு ஜூலை 25 அன்று வெளிவந்துவிட்டது. (அதை ஹெவி மெட்டல் என்று சொல்லலாமா, ஹார்ட் ராக் என்று சொல்ல வேண்டுமா என்று எங்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது; இங்கே அதைத் தள்ளி வைக்கிறேன்.) துக்கத்துக்காக அட்டை முழுக்கக் கறுப்பாக வைத்தார்கள். முதல் பாட்டில், லஃப்பரோ நகர வார்ப்படச்சாலையில் வார்த்த, ஏறக்குறைய 900 கிலோ எடையுள்ள மணியின் நாதம் முதலில் வருகிறது, பிறகு கிடார், புதுப் பாடகர் வாய் திறப்பது ஒரு நிமிடத்துக்கு மேல் கழிந்த பிறகுதான். போனவருக்கு அந்த நேரத்தை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்றே நான் கேட்கிறேன். காரணம் தெரியாமல் கேட்பவருக்கு அது வெறும் நீண்ட முன்னிசையாகத்தான் படும்.

இரண்டாவது, புதியவர் முன்பு எங்கே பாடினார் என்பது. ரானி ஜேம்ஸ் டியோ பிளாக் சபாத்துக்கு வருவதற்கு முன் ரெயின்போ குழுவிலும், புரூஸ் டிக்கின்சன் அயர்ன் மெய்டனுக்கு வருவதற்கு முன் சாம்சன் குழுவிலும் பாடியவர்கள். அந்தப் பழைய ஆல்பங்களில் ஒன்றை முன்கூட்டியே கேட்டுவிட்டால், அவர் என்ன சரக்கோடு வந்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும். அதில் எவ்வளவைப் புதுக் குழு வாங்கிக்கொண்டது, எவ்வளவை வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னது என்று பிறகு கணக்குப் பார்க்கலாம். ஒரு வாரம் ஒதுக்கி வைக்கச் சொன்னது பழைய பாடகரைத்தான். புதியவரின் பழைய வேலைக்கு அந்தத் தடை கிடையாது.

முதல் முறை கேட்கும்போது கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். அதில் அடிச்சுருதி ஏறக்குறைய வராது, நடுப்பகுதி மட்டுமே முன்னே வரும்; குரல் உட்காரும் இடமும் அதுதான் என்பதால், கேட்பதெல்லாம் பாடகராகிவிடும். சுமாரான ஹெட்போன் போதும். இன்னும் ஒன்று, சொன்னால் விசித்திரமாக இருக்கும்: முதல் முறை பாடகரைக் கேட்காதீர்கள். குரலுக்குக் கீழே கிடார் என்ன செய்கிறது என்பதை மட்டும் பின்தொடருங்கள்.

பிளாக் சபாத்தில் இதைப் பழகுவது எளிது. 1970இல் வந்த ‘அயர்ன் மேன்’ பாட்டில், கிடாரின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் வாசிப்புத் துணுக்கு, எந்தச் சுரங்களில் நடக்கிறதோ அதே சுரங்களில் பழைய பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் குரலும் நடக்கிறது. வயலின்காரர் பாடகரின் நிழலாகப் போவதைத் தலைகீழாக்கியது போல, இங்கே பாடகர் வாத்தியத்தின் நிழலாகப் போகிறார். 1979இல் ஆஸி வெளியேற்றப்பட்டு, 1980 ஏப்ரலில் டியோவுடன் ‘ஹெவன் அண்ட் ஹெல்’ வந்தபோது அந்த ஏற்பாடு மாறிவிட்டது. தலைப்புப் பாட்டில் சரணம் வரும் இடத்தில் கிடார் ஒதுங்கிக்கொள்ள, பேஸும் (தாழ்ந்த சுரம் வாசிக்கும் கிடார்) டிரம்ஸும் மட்டும் கீழே நடக்கின்றன. மேலே உள்ள வெற்றிடம் முழுவதும் டியோவுக்கு. கிடார்க்காரர் டோனி அயோமி அதே ஆள்தான், பேஸ் வாசிக்கும் கீசர் பட்லரும் அவரேதான், ஆனால் பாட்டைக் கட்டும் முறை புதுத் தொண்டைக்காக மாறியிருக்கிறது. முன்பு பெரும்பாலும் பட்லர் எழுதிய வரிகளை இப்போது டியோவே எழுதினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தன் வாய்க்கு எது வரும் என்று தெரிந்தவர் தனக்கே எழுதிக்கொண்டதால், நீட்டி முழக்கும் சொல் எதுவும் தப்பான சுரத்தில் விழுவதில்லை. ஆஸியைப் போல இல்லை என்று இந்த ஆல்பத்தை ஒதுக்குபவர்கள், குழுவே ஆஸியைப் போல இருக்க முயலவில்லை என்பதைக் கவனிக்காதவர்கள்.

இரண்டாம் முறை கேட்கும்போது கட்டையைக் கண்டுபிடியுங்கள். ஆர்மோனியமோ, கைப்பேசியில் சுருதிப்பெட்டிச் செயலியோ இருந்தால் போதும். பாட்டு எங்கே வந்து ஓய்கிறதோ அந்தச் சுரத்தைத் தடவிப் பிடித்துவிடலாம். வழக்கமாகச் சுருதி சேர்த்த கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி நம் கணக்கில் மூன்று கட்டை. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்த் திருவிழாக் கச்சேரியில் பாடகர் தன் சுருதியைச் சொல்ல, பக்கவாத்தியங்கள் அதற்குச் சேர்த்துக்கொள்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு, சுருதி என்றால் பாடகருடைய சொத்து என்ற எண்ணம் உண்டு. மெட்டலில் அப்படி இல்லை. பர்மிங்காம் தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல்நுனிகளை இழந்த அயோமி, தந்தி அழுத்த எளிதாக இருக்கட்டும் என்று 1971 ஆல்பத்தில் ஒன்றரைக் கட்டை வரை இறக்கினார். அங்கே சுருதியை முடிவு செய்தது கிடார்க்காரரின் விரல். ஆகவே கட்டை மாறவில்லை என்பதற்காகக் குழு புதுப் பாடகரை மதிக்கவில்லை என்று உடனே தீர்ப்பு எழுதிவிடாமல், அந்தக் கட்டையில் அவருடைய பாட்டு கீழ்ஸ்தாயியில் நடக்கிறதா, மேல்ஸ்தாயியில் தொங்குகிறதா என்று பாருங்கள்.

அயர்ன் மெய்டனின் ‘தி எக்ஸ் ஃபேக்டர்’ ஆல்பத்துக்கு இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும். டிக்கின்சன் 1993இல் விலகிய பிறகு, உல்ஃப்ஸ்பேன் குழுவிலிருந்து பிளேஸ் பெய்லி வந்தார். ஆல்பம் 1995 அக்டோபரில் வெளிவந்தது. டிக்கின்சனின் குரல் மேலே மேலே ஏறும் குரல். பெய்லியினுடையது தாழ்ந்து, கனத்து, கொஞ்சம் இருண்ட குரல். ஆல்பத்தில் அவரும் சேர்ந்து எழுதிய பாட்டுகள் இருக்கின்றன. வேகம் குறைந்து, நீண்டு, துக்கத்தோடு நடக்கும் அந்த ஆல்பத்துக்கு அந்தக் குரல் பொருந்தியே இருக்கிறது. முதல் பாட்டான ‘சைன் ஆஃப் தி கிராஸ்’ 11 நிமிடங்களுக்கு மேல் ஓடுகிறது. தேவாலய ஓதுதல் போலத் தொடங்கி மெல்ல மெல்ல ஏறும் அதன் முதல் பாதியைப் பெய்லி பாடும் விதம், அவரைத் திட்டுபவர்களும் ஒருமுறை கண்ணை மூடிக் கேட்க வேண்டியது. சிக்கல் மேடையில் வந்தது. டிக்கின்சனின் உயரத்துக்குக் கட்டிய பழைய பாட்டுகளையும் கச்சேரியில் பெய்லியே பாட வேண்டியிருந்தது. அங்கே குரல் எட்டவில்லை. இரண்டு கட்டையில் உடைந்த அந்தப் பையனின் கதைதான். மேடையில் பட்ட கெட்ட பெயரை ஆல்பத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். 1982இல் டிக்கின்சனின் முதல் ஆல்பமான ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ பிரிட்டனில் முதல் இடம் பிடித்தது, இது எட்டாவது இடம்தான் பிடித்தது என்ற கணக்கையும் கூடவே நீட்டுவார்கள்; விற்பனைப் பட்டியல் பாட்டைப் பற்றி எதுவும் சொல்லாது, தாண்டிப் போங்கள்.

இந்த ஆல்பத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. டிக்கின்சன் 1999இல் திரும்பி வந்தார். 2001 ஜனவரியில் ரியோ டி ஜெனிரோவில் நடந்த கச்சேரியின் பதிவில், அதே ‘சைன் ஆஃப் தி கிராஸ்’ பாட்டை அவர் பாடியிருக்கிறார். பெய்லியின் ஸ்டூடியோ பதிவையும் இதையும் ஒரே மாலையில் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்கள். டிக்கின்சன் பாடும்போது பாட்டு அரங்கம் முழுவதற்குமான முழக்கமாகிறது. பெய்லி பாடும்போது சந்தேகத்தில் நிற்கும் ஒரு மனிதனின் பேச்சாக இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் முதலாவதுக்குத்தான் வாக்கு அதிகம். என் வாக்கு பெய்லிக்கு.

பாட்டை எழுதியவர்கள் யார் என்று அட்டையில் பார்ப்பதும் உதவும், ஆனால் முழுக்க நம்ப வேண்டாம். ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ அட்டையில் எந்தப் பாட்டிலும் டிக்கின்சன் பெயர் எழுத்தாளராக இருக்காது. சாம்சன் குழுக் காலத்து ஒப்பந்தச் சிக்கலால் பெயர் போட முடியவில்லையே தவிர, பாட்டு ஆக்கத்தில் அவர் பங்கு இல்லாமலில்லை. மாறாக, ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் 1997 ஆல்பமான ‘ஜகுலேட்டர்’ அட்டையில் கிடார்க்காரர்கள் கிளென் டிப்டன், கே. கே. டௌனிங் இருவர் பெயர் மட்டுமே இருப்பது உள்ளதை உள்ளபடி சொல்கிறது. அந்தக் குழுவின் பாட்டுகளையே வேறொரு குழுவில் பாடிக்கொண்டிருந்த ஓஹையோக்காரர் டிம் ஓவன்ஸைத் தேடிப் பிடித்து ராப் ஹால்ஃபோர்டின் இடத்தில் நிறுத்தினார்கள். ஹால்ஃபோர்டின் குரல் ஏறிய உயரம் ஓவன்ஸுக்கும் எட்டியது. குரல் கிடைத்துவிட்டது, ஆனால் அதற்குக் கொடுத்த பாட்டுகள் முன்பு இல்லாத அளவுக்குக் கனத்து, தாழ்ந்து, முரட்டுத்தனமாகப் போயின. ‘குரல் அப்படியே இருக்கிறதே, ஏன் ஒட்டவில்லை’ என்று இந்த ஆல்பத்தில் குழம்புபவர்கள், குரலை விட்டுவிட்டு மீண்டும் கிடாருக்குப் போகவும்.

மூன்றாம் முறை கேட்கும்போதுதான் பாடகரை முழுசாகக் கேளுங்கள். அதற்குப் பிறகு பழைய ஆல்பத்தை எடுக்கலாம், வாரக் கணக்கு முடிந்திருக்கும். ஒப்பிடும்போது பாட்டுக்குப் பாட்டு ஒப்பிடுங்கள், ஆளுக்கு ஆள் வேண்டாம். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ‘ஹெவன் அண்ட் ஹெல்’ என்றே சொல்வேன், கிடார் வழிவிடுவது அதில்தான் காதுக்கு உடனே புரிகிறது. ‘தி எக்ஸ் ஃபேக்டர்’ 70 நிமிடங்களைத் தாண்டும். அதற்கு மின்வெட்டு இல்லாத ஓர் இரவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.