எத்தனை பீஸ் என்று கேட்காத ஆட்களைப் பிடிப்பது எப்படி

கோயம்புத்தூரில் ‘வீட்டில் ஒரு மில் இருக்கிறது’ என்று சொன்னால், எத்தனை கதிர் ஓடுகிறது என்று கேட்பார்கள். நூல் மில் என்று நினைப்பு. ‘இல்லைங்க, மில்லிங் மெஷின், சின்ன சி.என்.சி.’ என்று, அதாவது கம்ப்யூட்டர் சொல்படி உலோகத்தை வெட்டும் மெஷின் என்று திருத்தினால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: ‘என்ன ஜாப் ஓட்டறீங்க? மாசம் எத்தனை பீஸ்?’ நான் ஓட்டுவது ஒரே ஒரு பீஸ். கைக்கு அடக்கமான ஸ்டீம் இன்ஜினுக்கு ஒரு சிலிண்டர், அதுவும் மூன்றாவது தடவையாக. பகலில் இன்சூரன்ஸ் ஆபீஸ், ராத்திரி வடவள்ளி வீட்டுக் கார் ஷெட்டில் மெஷின்.

ஆவாரம்பாளையம், கணபதிப் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு பட்டறை. ஆனாலும் ஆசைக்கு மெஷின் வைத்திருக்கும் இன்னொருவரைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. இப்போது ஐந்து பேர் இருக்கிறோம். உங்கள் ஊரில் இவ்வளவு நாள் ஆகக்கூடாது, அதனால் எழுதுகிறேன்.

தேட வேண்டிய முதல் இடம் கட்டர் கடைக் கவுன்ட்டர். கம்பெனிக்காரர் வந்தால் எண்ட்மில்லை (மில்லிங் மெஷினில் மாட்டும் கட்டர்) டஜன் கணக்கில் வாங்குவார், பில்லில் ஜி.எஸ்.டி. நம்பர் போடச் சொல்வார். நம்மாள் வந்து 6 மி.மீ. இரண்டு பல் எண்ட்மில் ஒன்று, கட்டரைப் பிடிக்கும் இஆர்20 காலெட் ஒன்று என்று கேட்டுவிட்டு, விலையைக் கேட்டதும் கொஞ்ச நேரம் யோசிப்பார். கடைக்காரருக்கு இந்த முகங்கள் நன்றாகத் தெரியும். நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: “அண்ணா, என்னை மாதிரி ஒண்ணே ஒண்ணு வாங்கறவங்க வந்தா என் நம்பரைக் குடுங்க.” அவர்களுடைய நம்பரை நீங்கள் கேட்காதீர்கள், கடைக்காரர் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது. மூன்றாவது வாரம் போத்தனூரிலிருந்து ஒரு போன். “ஏனுங்க, நீங்களும் ஒண்ணுதான் வாங்குவீங்களாமா?”

அலுமினியத் துண்டுகளை எடைக்குப் போடும் கடையும் நல்ல இடம். மூட்டையைக் கிளறி ஒரு சாண் துண்டாகப் பொறுக்கி எடுப்பவரிடம் தைரியமாகப் பேச்சுக் கொடுக்கலாம். பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கும் ஓரிருவரைத் தெரிந்திருக்கும்.

முதல் சந்திப்புக்கு போட்டோவோடு போகாதீர்கள். வெட்டிய பீஸோடு போங்கள், கெட்டுப்போன பீஸாக இருந்தால் இன்னும் நல்லது. ‘மெஷின் எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘பரவாயில்லைங்க’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘இந்த வட்டத்தில் நாலு இடத்தில் ஏன் தட்டையாக இருக்கு?’ என்று கேட்டால் மனுஷன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பீஸை வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார். போத்தனூர் ஐயா அப்படித்தான் செய்தார். விரல் நகத்தால் விளிம்பைத் தடவிவிட்டு, “டேபிள் திரும்பற இடத்துல ஸ்க்ரூ சும்மா சுத்துதுங்க, பேக்லாஷ்” என்றார். வட்டம் போகும்போது எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் மாறி மாறித் திசை திரும்புகின்றன. திரும்பும் இடத்தில் டேபிளை நகர்த்தும் ஸ்க்ரூவுக்கும் அதன் நட்டுக்கும் உள்ள இடைவெளி தீரும் வரை டேபிள் நகராது. அந்தத் தட்டை அங்கேதான் விழுகிறது.

இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் செய்ய வேண்டிய முதல் வேலை தலையைச் சரி பார்ப்பது, அதாவது கட்டரைச் சுற்றும் ஸ்பிண்டில் இருக்கும் பகுதி டேபிளுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று டயல் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) வைத்துப் பார்ப்பது. தனியாகச் செய்தால் கழுத்து வலிக்கும். என் மெஷின் எக்ஸ்2 என்னும் சின்ன மில்லிங் மெஷின் ரகம். தலையைத் தாங்கும் கம்பம் முழுவதையும் பின்னால் இருக்கும் ஒற்றைப் பெரிய நட்டு பிடித்திருக்கிறது, அதுதான் இந்த ரகத்தின் பலவீனம். மின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஸ்பிண்டிலில் ஒரு கை மாட்டி அதன் நுனியில் டயல். டேபிளில் இடது பக்கம் முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாக வலது பக்கம் திருப்புங்கள். எனக்கு 8 கோடு காட்டியது, அதாவது 0.08 மி.மீ. நட்டை லேசாகத் தளர்த்தி ஒருவர் ரப்பர் சுத்தியால் தட்ட, இன்னொருவர் முள்ளைப் பார்க்க வேண்டும். இறுக்கும்போது மறுபடி நகரும், அதற்காகக் கோபப்படக்கூடாது. நாங்கள் ஏழாவது தடவையில் ஒரு கோட்டுக்கு வந்தோம். பிறகு ஒற்றைப் பல்லால் மேல்முகத்தைச் சீவும் ஃப்ளை கட்டர் போட்டபோது வெட்டுக் கோடுகள் இரண்டு பக்கமும் குறுக்கும் நெடுக்குமாக, சிக்குக் கோலம் மாதிரி விழுந்தன. ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் தலை இன்னும் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆள் கூடியதும் எல்லாரும் ஒரே டிராயிங்கை வெட்டுங்கள். எங்களுடையது 40 மி.மீ. சதுரம், நடுவில் 20 மி.மீ. வட்டக் குழி. அவ்வளவே. ஒரே மைக்ரோமீட்டர், ஒரே ஆள் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் வாக்குவாதம் மைக்ரோமீட்டரைப் பற்றிப் போய்விடும். அளவைப் பீஸின் முதுகிலேயே மார்க்கரால் எழுதி வைப்போம். யாருடைய மெஷின் எந்த அச்சில் ஏமாற்றுகிறது என்று ஒரு மதியத்தில் தெரிந்துவிடும். கூடவே ஒரு நோட்டும் வைத்திருக்கிறோம். ‘அலுமினியம், 6 மி.மீ., 2 பல், 2500 சுற்று, பல்லுக்கு 0.03 மி.மீ., நிமிடத்துக்கு 150 மி.மீ., நன்றாக வெட்டியது’ என்று ஒரு வரி. உடைந்த கட்டருக்கும் ஒரு வரி. உடைந்ததை எழுதாதவரின் நோட்டை நான் நம்புவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: அடுத்தவர் ஜி-கோடை (மெஷினை ஓட்டும் கட்டளைகள்) அப்படியே ஓட்டாதீர்கள். ஒரு நண்பர் தந்த ஃபைலை நான் ஓட்டினேன். அவர் உயரத்துக்குப் பூஜ்யம் வைத்தது பீஸின் அடிமட்டத்தில், நான் வைத்தது மேல்முகத்தில். அவருக்குப் பீஸை வெட்டுகிற கட்டர் எனக்கு ஒரு முழு பீஸ் உயரம் மேலே காற்றில் சுற்றியது, நல்லவேளை. நேர்மாறாக இருந்திருந்தால் பீஸைப் பிடித்திருக்கும் வைஸில் இறங்கியிருக்கும். முதல் பத்து வரியைப் படித்து ஜி20 இருந்தால் இன்ச், ஜி21 இருந்தால் மி.மீ. என்று பாருங்கள். பூஜ்யம் எந்த மூலை, எந்த முகம் என்று போன் பண்ணிக் கேளுங்கள். பிறகு கட்டர் இல்லாமல் ஒரு ஓட்டம்.

கடன் விஷயத்துக்கு எங்களிடம் இருப்பது ஒரே விதி. கட்டரை உடைத்தவர் அதே கட்டரை வாங்கித் தர வேண்டும், காசாகத் தரக்கூடாது. அந்தச் சாக்கில் கடைக்காரரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம். மைக்ரோமீட்டர் இரவல் கிடையாது, பீஸைத்தான் எடுத்து வர வேண்டும். காசு வாங்கும் ஜாப் யாராவது கொண்டுவந்தால் கூட்டத்துக்குள் இழுக்க வேண்டாம், அதை ஆவாரம்பாளையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

சந்திப்பு ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல், ஒவ்வொரு தடவை ஒவ்வொருவர் ஷெட்டில். கண்ணுக்குக் கண்ணாடி உண்டு, ஓடும் மெஷினிடம் கையுறை கிடையாது. கிளம்பும்போது செருப்பை ஷெட் வாசலிலேயே நன்றாகத் தட்டிவிடுங்கள். அலுமினியத் துருவல் பூஜையறை வரை போகும். எங்கள் வீட்டில் அது ஒரு தடவை போயிருக்கிறது. அதற்கப்புறம் மூன்று ஞாயிறு போத்தனூரில்தான் கூடினோம்.