கரண்ட் இல்லாமல் பழைய கேம் விளையாடுவது எப்படி?

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் போனதை கொழும்பில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் நிற்கும், ஃபேன் நிற்கும், பிள்ளைகளின் போனில் சார்ஜ் முடியும், கடைசியில் எல்லாரும் காற்று வாங்கப் படிக்கட்டில் வந்து உட்காருவோம். அப்படி ஒரு இரவில் நான் சும்மா பிள்ளைகளைப் பார்த்து, "தண்ணியில பிறந்தவன், தண்ணியில விழுந்தால் சாவான், ஒரு பழைய கேம், என்ன சொல்லுங்கோ?" என்று கேட்டேன். கீழ்ப்படியில் இருந்த மாமி யோசிக்கவே இல்லை. "உப்பு!" என்றார்.

மாமி சொன்னதில் பிழையில்லை, உப்புக்குக் காலங்காலமாக இருக்கிற நொடி, அதாவது விடுகதை, கிட்டத்தட்ட அதுதான். நான் நினைத்திருந்தது ஃப்ரொகர். 1981இல் வந்த கொனாமியின் கேம், தவளை ஒன்று முதலில் ரோட்டைக் கடக்க வேண்டும், பிறகு மரக்கட்டைகளிலும் ஆமை முதுகிலும் ஏறி ஆற்றைக் கடந்து வீட்டுக்குப் போக வேண்டும், கால் தவறித் தண்ணீரில் விழுந்தால் செத்துப்போகும். தவளைதான், ஆனால் நீந்தத் தெரியாது! சின்ன வயதில் எத்தனை நூறு தரம் விளையாடியும் எனக்கு இது வினோதமாகப் படவே இல்லை, நொடியாகச் சொன்னபோதுதான் சிரிப்பு வந்தது.

பழைய கேம்களுக்கு நொடி போடும் பைத்தியம் அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை. உங்கள் வீட்டிலும் செய்து பார்க்க விரும்பினால் கீழே உள்ளபடி செய்யுங்கள். கொம்பியூட்டர் தேவையில்லை, கேமை நன்றாகத் தெரிந்த ஒருவரும் அரைகுறையாகத் தெரிந்த நாலு பேரும் போதும்.

முதல் படி: கேமைப் பற்றி அல்ல, விதியைப் பற்றி யோசியுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் சறுக்குவார்கள். "இது 1980இல் ஜப்பானில் நாம்கோ கம்பனி வெளியிட்டது" என்று தொடங்குவார்கள். அது நொடி இல்லை, சோதனைக் கேள்வி. தெரிந்தவன் சொல்வான், தெரியாதவன் எவ்வளவு மண்டையைக் குடைந்தாலும் சொல்ல மாட்டான். நொடி என்றால் தெரியாதது போலிருந்து, விடை வந்ததும் "அட, இது எனக்குத் தெரியுமே" என்று இருக்க வேண்டும்.

அதனால் நீங்கள் எடுத்த கேமிடம் நாலு கேள்வி கேளுங்கள். இதில் நான் என்ன செய்கிறேன், எது என்னைக் கொல்கிறது, எது என்னைக் காப்பாற்றுகிறது, இது எப்படி முடிகிறது. டெட்ரிஸை எடுத்துக்கொள்ளுங்கள், 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னொவ் எழுதியது, நாலு சதுரம் ஒட்டிய ஏழு வகைத் துண்டுகள் மேலிருந்து விழும். ஒரு வரிசை முழுதாக நிறைந்தால் அது மறையும், ஓட்டை இருந்தால் அப்படியே நின்று, மேலே மேலே குவிந்து, கடைசியில் ஆட்டம் முடியும். இதிலிருந்து நான் எடுத்தது: "நிறைந்தால் காணாமல் போவேன், குறை இருந்தால் குவிந்து கொல்வேன்." வருடமும் இல்லை, ஊரும் இல்லை, ஆனால் ஒரு தடவை விளையாடியவருக்கும் போதும்.

இரண்டாம் படி: நம்ப முடியாத உண்மையைத் தேடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பழைய கேம்களில் ஒவ்வொன்றுக்குள்ளும் கேட்டால் பொய் போலிருக்கும் ஒரு விசயம் கட்டாயம் இருக்கும், ஏனென்றால் அந்தக் காலத்து மெஷினில் இடமும் இல்லை, வேகமும் இல்லை, செய்தவர்கள் எதையாவது ஒப்பேற்றத்தான் வேண்டியிருந்தது. 1985இல் வந்த சூப்பர் மாரியோவில் வானத்து மேகமும் தரையில் இருக்கிற பற்றையும் ஒரே படம்தான், நிறம் மட்டும் வேறு. முழு கேமும் 40 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டுமென்றால் வேறு என்ன செய்வது? இப்போது வட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படமே அதைவிடப் பெரிது. நொடி: "மேலே வெள்ளை, கீழே பச்சை, இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளை."

1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இன்னும் நல்லது. திரை நிறைய எதிரிகள் இருக்கும்போது அந்த மெஷினுக்கு எல்லாரையும் வரைந்து முடிக்க நேரம் எடுக்கும், மெதுவாக வருவார்கள், நாம் சுடச் சுட வரைய வேண்டியது குறையும், மிஞ்சியவர்களின் வேகம் கூடும். கேமை உருவாக்கிய தொமொஹிரோ நிஷிகடோ அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார், அதுதான் கேமின் உயிராகவும் போனது. "கூட்டமாக வந்தால் நடப்போம், ஒருத்தன் மிஞ்சினால் பறப்பான்."

பேய்களுக்குத் தப்பி ஓடிப் புள்ளிகளை விழுங்குகிற பக்மானின் 256ஆவது கட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். கட்டத்தை எண்ணுகிற இடத்தில் 255க்கு மேல் தாங்காது, அதனால் 256க்கு வந்தால் திரையில் வலது பாதி கண்டபடி எழுத்துகளால் நிறைந்துவிடும், மேலே போகவே முடியாது. "255 வீடு கட்டினான், அடுத்த வீட்டில் பாதியைக் காணோம்" என்று போட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. இவ்வளவு ஆழமான குறிப்பை மூன்று குறிப்பில் முதலாவதாகத்தான் வைக்க வேண்டும், அதை மட்டும் தந்துவிட்டு விடை கேட்பது அநியாயம்.

மூன்றாம் படி: யாருடைய வாயால் சொல்வது?

எப்போதும் விளையாடுபவனின் பக்கத்திலிருந்தே சொல்ல வேண்டும் என்று ஒன்றுமில்லை. அதே பக்மானைத் துரத்துகிற நாலு பேய்களின் வாயால் சொல்லிப் பாருங்கள்: "நாங்கள் நாலு பேர் ஒருவனைத் துரத்துவோம், அவன் ஒரு பெரிய குளிசையை விழுங்கினால் நாங்கள் நீலமாகி ஓடுவோம், அகப்பட்டால் கண் மட்டும் வீடு போய்ச் சேரும்." பிள்ளைகள் உடனே பிடித்துவிட்டார்கள்.

நான் இதுவரை போட்டதில் எனக்கே திருப்தி தந்தது பிரின்ஸ் ஒஃப் பேர்சியாவுக்குப் போட்டதுதான். 1989இல் ஜோர்டன் மெக்னர் செய்தது, தன் தம்பி ஓடுவதையும் பாய்வதையும் வீடியோ எடுத்து அதைப் பார்த்து வரைந்ததால்தான் அந்த இளவரசன் அவ்வளவு உயிரோடு அசைவான். பம்பலப்பிட்டியில் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போன காலத்தில், சேர் அந்தப் பக்கம் திரும்பினால் நாங்கள் திறப்பது இதைத்தான், அதனால் டைப்பிங் இன்றைக்கும் இரண்டு விரலில்தான். சரி, நொடி இது: "ஒரு மணி நேரம்தான் தவணை. கண்ணாடிக்குள் பாய்ந்தேன், எனக்கு எதிரி பிறந்தான். அவனை வெட்டினால் எனக்கு வலிக்கும், வாளை உறையில் போட்டால் அவனே நான்." கண்ணாடியிலிருந்து வெளியே வருகிற அந்த நிழல் மனிதனைக் கடைசியில் சண்டையில்லாமல்தான் தாண்ட வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு வகுப்பில் ஒரு தவணை முழுக்கப் போனது.

நான்காம் படி: நொடியை நீங்களே உடைத்துப் பாருங்கள்

சொல்வதற்கு முன்னால், இந்தக் குறிப்பு வேறு எந்த கேமுக்குப் பொருந்தும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் மாட்டிக்கொண்டேன். நோக்கியா 6110இல் 1997இல் வந்த பாம்பு கேமை நினைத்து, "சாப்பிடச் சாப்பிட நீளுவேன்" என்றேன். அக்காவின் மகன் "ஸ்லிதர்" என்றான், 2016இல் வந்த இணைய கேம். நான் பிழை என்றேன், அவன் சரி என்றான், "மாமா, அதிலயும் நீளும்தானே" என்று கேட்டான், மாமி நடுவராகி அவனுக்கே புள்ளி கொடுத்தார். கொடுக்க வேண்டியதுதான், பிழை என்னுடையது. பிறகுதான் உறைத்தது, ஸ்லிதரில் தன் உடம்பைத் தானே கடந்து போகலாம், ஒன்றும் ஆகாது, மற்றவன் உடம்பில் முட்டினால்தான் சாவு. அப்படியென்றால் சொல்லியிருக்க வேண்டியது: "சாப்பிடச் சாப்பிட நீளுவேன், என் வாலே எனக்கு எமன்." பொருந்தாத பிற கேமைத் தள்ளிவிட இப்படி ஒரு சொல் சேர்த்தால் போதும். மாமியின் உப்பைத் தள்ள "ரோட்டைக் கடந்து வந்தவன்" என்று நானும் சேர்த்துக்கொண்டேன்.

ஐந்தாம் படி: சபையில் சொல்லும் முறை

ஒரு கேமுக்கு மூன்று குறிப்பு, கடினமானது முதலில். முதலாவதிலேயே சொன்னால் 5 புள்ளி, இரண்டாவதில் 3, கடைசியில் 1. பிழையாகச் சொன்னவர் அடுத்த குறிப்பு வரும்வரை வாய் திறக்கக் கூடாது, இல்லாவிட்டால் பிள்ளைகள் தெரிந்த கேம் பெயரையெல்லாம் வரிசையாகக் கத்திவிடுவார்கள். கேமில் வரும் பாட்டை முணுமுணுப்பது தடை.

அவிழ்ப்பவர்களுக்கும் ஒன்று. குறிப்பைக் கேட்டதும் பெயரைத் தேடாதீர்கள், கை என்ன செய்தது என்று நினைத்துப் பாருங்கள். மாமி வாழ்க்கையில் விளையாடியது அலுவலகத்து விண்டோஸில் இருந்த இரண்டே இரண்டு கேம், ஆனால் "கொடி நட்டவன் வெல்வதில்லை, மிதிக்காமல் விட்டவன்தான் வெல்வான்" என்று நான் முடிக்கும் முன்னே "மைன்ஸ்வீப்பர்" என்றார். உண்மைதான், கொடி குண்டு ஒளிந்திருக்கிற கட்டத்தை ஞாபகம் வைக்க மட்டும்தான், குண்டில்லாத கட்டங்களை எல்லாம் திறந்தால் கொடியே இல்லாமல் வெல்லலாம். எனக்கு இந்த நொடி செய்யும்வரை அது தெரியாது, மாமிக்கு இருபது வருடமாகத் தெரியுமாம்.

பழகிப் பார்க்க இரண்டு தருகிறேன். முதலாவது மாமி போட்டது: "வென்றவுடன் நான் அடுக்கியதெல்லாம் படிக்கட்டில் கொட்டின மாதிரித் துள்ளி ஓடும்." இரண்டாவது என்னுடையது, 1991இல் வந்த கேம்: "நான் யாரையும் நடத்துவதில்லை, அவர்களே நடந்து போய்ப் பள்ளத்தில் விழுவார்கள், ஒருவன் கையை விரித்து நின்றால் மற்றவன் திரும்புவான்." விடையை நான் சொல்ல மாட்டேன், வீட்டில் மாமி யாராவது இருந்தால் கேளுங்கள்.