யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை முழுதாக அவிழ்த்துக் கட்டுகிறீர்களா? பெயின்ட் கடைக்குக் கடைசியில் போங்கள்

நான் முதலில் டேங்குக்குத்தான் பெயின்ட் அடித்தேன். சிவப்பு டேங்கைப் பழைய வேட்டியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, அப்புறம் எஞ்சினில் கை வைத்தேன். வண்டி கிளம்ப ஒன்றரை வருடம் ஆனது. கிளம்பிய மூன்றாம் நாள், திருவட்டாரிலிருந்து குலசேகரம் போகும் வழியில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே நின்று வண்டி வழுக்கியது. கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. டேங்க் மட்டும் பளபளவென்று இருந்தது.

நம் குமரி மாவட்டத்தில், காடுமேடு ஓடும் பழைய டர்ட் பைக் என்று தேடினால் கிடைப்பது அரிது. ரப்பர் தோட்டத்துச் செம்மண் வழியில் பால்கேனோடு ஏறி இறங்கிய டூ ஸ்ட்ரோக் வண்டிகள்தான் நமக்கு டர்ட் பைக். அதில் யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு இன்றும் தனி மவுசு. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் வந்தது. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எந்த மேட்டிலும் ஏறும். என் வண்டி ஒரு மாமாவின் ரப்பர் ஷீட் அடிக்கும் புரையில் பத்து வருடத்துக்கு மேல் கிடந்தது. ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் கேன் பக்கத்திலேயே இருந்ததால் அலுமினியக் கவரெல்லாம் வெள்ளை பூத்து, போல்ட்டுகள் துருவோடு ஒட்டிப்போயிருந்தன. கடற்கரைப் பக்கம் கிடந்த வண்டியென்றால் உப்புக்காற்று இதே வேலையைச் செய்திருக்கும்.

விலை பேசுவதற்கு முன் ஆர்.சி. புக்கைப் பாருங்கள். எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் புக்கில் உள்ளபடியே வண்டியில் இருக்க வேண்டும். முப்பது வருட ஓட்டத்தில் எஞ்சின் மாறிய வண்டிகள் நிறைய. பதிவு 15 வருடத்துக்குத்தான். அதன்பின் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். கடைசி ஆர்எக்ஸ் 1996-இல் வந்தது என்றால், எந்த ஆர்எக்ஸும் அந்தக் கெடுவைத் தாண்டியதுதான். களியக்காவிளை தாண்டிக் கேரளாவில் போய் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து தடையில்லாச் சான்று வாங்கினால்தான் வண்டியை டி.என். 74-க்கோ 75-க்கோ மாற்ற முடியும். அந்தப் படிவத்தில் சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் உரசி எடுத்து ஒட்ட வேண்டும். நம்பர் மழுங்கிய வண்டியில் என்ன உரச? மணலை வீசித் துரு எடுக்கும் சேண்ட் பிளாஸ்டிங் கொடுக்கும்போது கழுத்துப் பக்கத்து நம்பர் மேல் தடித்த ரப்பர் துண்டை வைத்து டேப் சுற்றிக் கொடுங்கள். மெருகேற்றும் பஃபிங் போடுகிறவரிடமும் எஞ்சின் நம்பரைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். அவருக்கு அது சும்மா ஒரு மேடுபள்ளம்தான்.

சேஸிஸை வெட்டுவது, நீட்டுவது, பெரிய எஞ்சின் ஏற்றுவது பற்றி எனக்கு ஒரே கருத்துதான்: வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. அது போக, வெட்டிய ஆர்எக்ஸை யாரும் நல்ல விலைக்குக் கேட்பதும் இல்லை.

அவிழ்க்கும்போது எல்லா ஸ்குரூவையும் ஒரே பெயின்ட் டப்பாவில் போடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். எஞ்சின் பக்கக் கவர் ஸ்குரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. குட்டை ஓட்டையில் நெட்டை ஸ்குரூவை முறுக்கினால் அலுமினியம் விண்டுபோகும். அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, ஸ்குரூவை அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். தலை வழுக்கும் ஸ்குரூவுக்கு, சுத்தியலால் அடித்துத் திருகும் இம்பாக்ட் டிரைவர் வாங்குங்கள். சாதா ஸ்குரூடிரைவரால் மல்லுக்கட்டிப் பாதித் தலையை வழித்தபின் வாங்கினால் பயனில்லை. கிராங்கின் முனையில் சுற்றும் காந்தச் சக்கரமான மேக்னெட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றாதீர்கள், அதற்கென்று புல்லர் இருக்கிறது. கிராங்க் சுற்றும் கூடான கிராங்க் கேஸின் இரண்டு பாதியும் பிரியவில்லை என்றால் நடுவில் ஸ்குரூடிரைவரைச் செருகி நெம்பவும் கூடாது. இரண்டு கேஸும் சேரும் முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலே காற்றுக்கு வழி திறந்துவிடும்.

என் வண்டி நின்றதற்குக் காரணமும் இந்தக் காற்றுதான்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழே ஆயில் கிடக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. கார்புரேட்டரிலிருந்து வரும் காற்றும் பெட்ரோலும் ஆயிலும் முதலில் கிராங்க் கேஸுக்குள்தான் இறங்கும். பிஸ்டன் கீழே வரும்போது அந்தக் கலவை அமுங்கி, பக்கவாட்டுப் பாதை வழியாக மேலே போகும். அதாவது கிராங்க் கேஸும் ஒரு பம்ப். பம்ப்பில் காற்று ஒழுகக்கூடாது. கிராங்கின் இரண்டு முனையிலும் இருக்கும் ரப்பர் ஆயில் சீல்கள்தான் இதற்குக் காவல். வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் அந்த ரப்பர் காய்ந்து கல்லாகும். பார்வைக்கு நன்றாகவே இருக்கும். நானும் பார்த்துவிட்டு, ‘சரி, இது போதும்’ என்று விட்டுவிட்டேன். இரண்டு சீலும் சேர்த்து வாங்கினாலும் அந்தச் சிவப்புப் பெயின்டின் விலையில் பத்தில் ஒரு பங்கு வராது.

மேக்னெட் பக்கச் சீல் போனால் எஞ்சின் வெளிக்காற்றை உறிஞ்சும். பெட்ரோலும் ஆயிலும் காற்றோடு ஒப்பிடக் குறைந்துவிடும், சூடு ஏறும், பிஸ்டன் விரிந்து, சிலிண்டரின் உட்குழாயான போரில் பிடிக்கும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் இறங்காமல் தானாக உறுமினால் முதல் சந்தேகம் இங்கே வரட்டும். கிளட்ச் பக்கச் சீல் போனால் அறிகுறி வேறு. கியர் ஆயிலை எஞ்சின் குடிக்கும். சைலென்சரில் வெள்ளைப் புகை ஓயாது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஒழுகியிருக்காது, ஆனால் கியர் ஆயில் குறைந்துகொண்டே போகும்.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பைக் மெக்கானிக் இல்லை. குளச்சல் பக்கம் ஃபைபர் படகுகளின் அவுட்போர்டு எஞ்சின் பார்க்கும் அண்ணன் ஒருவர். அவருக்கு டூ ஸ்ட்ரோக்தான் சோறு. பிஸ்டனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். “மக்கா, ஆயிலு கொறஞ்சு புடிச்சதில்ல இது. காத்து வலிச்சிருக்கு. சீலு மாத்துனியா?” என்றார். அப்புறம் உள்ளேயிருந்து ஒரு பழைய பி.பி. பார்க்கும் கருவியை எடுத்து வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

எஞ்சினைக் கட்டியபின், சேஸிஸில் ஏற்றும் முன், இந்தச் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள். பிளக்கை மாட்டுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்குங்கள். சைலென்சர் ஓட்டையை ட்யூப் ரப்பரும் தகடும் வைத்து அடையுங்கள். கார்புரேட்டர் மாட்டும் ரப்பர் வாயில் ஒரு அடைப்பு செருகி, அதன் வழியாக பி.பி. கருவியின் குழாயைக் கொடுங்கள். அந்த வழியாகக் கொடுத்தால்தான், கலவையைத் திரும்ப விடாத ரீட் வால்வுக்கு வெளியே இருக்கும் ரப்பரின் விரிசலும் தெரியும். பந்தை அமுக்கி முள்ளை 300-க்குக் கொண்டு வாருங்கள். அது ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் போனால் நல்ல சீலே பிதுங்கிவிடும், அதனால் டயர் பம்ப் வேண்டாம். ஐந்தாறு நிமிடம் முள் நின்றால் நிம்மதி. கண்ணெதிரே இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள், குமிழ் வரும் இடம் காட்டிக் கொடுக்கும். என் எஞ்சினில் மேக்னெட் பக்கம் நுரை தள்ளியது.

சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகக் கடையும், அதாவது போர் போடும் வேலையில் வரிசை முக்கியம். முதலில் பிஸ்டன் கிட் வாங்கி, அந்தப் பிஸ்டனையே லேத் பட்டறையில் கொடுத்து, அதன் அளவுக்குப் போர் போடச் சொல்லுங்கள். போருக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் இருக்க வேண்டியது மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு இடைவெளிதான். ஒரே சைஸ் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி அளவு கொஞ்சம் மாறும். போர் போட்டபின், கலவையும் புகையும் போய்வரும் ஓட்டைகளான போர்ட்டுகளின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அதை லேசாக மழுக்க வேண்டும், இல்லையென்றால் ரிங் மாட்டி உடையும். ஃபோர் ஸ்ட்ரோக் வேலையே பார்த்துப் பழகிய பட்டறைகளில் இது விட்டுப்போக வாய்ப்பு அதிகம், வாய் விட்டுக் கேளுங்கள். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலென்சர் பக்கம் இருக்க வேண்டும். ரிங்கின் இரண்டு முனையும் பிஸ்டனில் உள்ள சின்னப் பின்னில் வந்து உட்கார வேண்டும். பிஸ்டன் பின்னைக் கழலாமல் பிடிக்கும் கம்பி வளையமான சர்க்ளிப்பைப் புதிதாகவே போடுங்கள். போடும்போது கிராங்க் கேஸ் வாயைத் துணியால் மூடுங்கள். தெறித்து உள்ளே விழுந்த சர்க்ளிப்பைக் காந்தத்தால் துழாவி ஒரு இரவு முழுக்க உட்கார்ந்தவன் சொல்கிறேன். கிராங்குக்குப் புது ராடு கிட் போட்டால், பிரஸ் செய்ததோடு வாங்கி வராமல் டயல் கேஜில் ஓட்டம், அதாவது சுற்றும்போது எவ்வளவு கோணுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 0.03 மி.மீ.க்குள் இருப்பது நல்லது.

ஆயில் விஷயத்தில் ஆளுக்கொரு வேதம் உண்டு. ஆர்எக்ஸில் ஆட்டோலூப் பம்ப் இருக்கிறது, தனி டேங்கிலிருந்து, டூ ஸ்ட்ரோக்குக்கான 2டி ஆயிலைத் தானே கொடுக்கும். ‘பம்பைக் கட் பண்ணிட்டு பெட்ரோலில் கலந்து ஊத்துங்க’ என்று பலர் சொல்வார்கள். பம்ப் கெட்டிருந்தால் சரி. நல்ல பம்பை ஏன் எடுக்க வேண்டும்? ஆனால் புதிதாகக் கட்டிய வண்டியில் பம்ப் குழாயில் காற்று நிற்கும். அதை வெளியேற்றாமல் உதைத்தால் முதல் சில நிமிடம் எஞ்சின் ஆயிலே இல்லாமல் ஓடும். அதனால் முதல் டேங்குக்கு மட்டும் பம்பும் இருக்கட்டும், பெட்ரோலிலும் லிட்டருக்கு 20 மி.லி. கலந்துகொள்ளுங்கள். அதிகம் ஊற்றினால் இன்னும் பாதுகாப்பு என்று நினைத்து நூறு மி.லி. ஊற்றாதீர்கள். ஒரே ஜெட் வழியாக ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும், கலவை மெலியும், தப்பிக்க நினைத்த சூடு திரும்ப வரும். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது பழைய ரப்பர்களைத் தின்னும், ஈரத்தையும் இழுக்கும். ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் வண்டியை நிறுத்திப் போட்டால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள்.

சைலென்சரை வெட்டிச் சத்தம் ஏற்றுவது ஒரு வியாதி. டூ ஸ்ட்ரோக்கில் சைலென்சரின் வயிறு பெருத்திருப்பது அழகுக்கு அல்ல. வெளியே போகும் புகையின் அலை அதற்குள் முட்டித் திரும்பி வந்து, நழுவப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அதை வெட்டினால் சத்தம் கூடும், இழுவை போகும். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் செம்மண் தூசி நேராகப் போருக்குள் போகும்.

எல்லாம் முடிந்து ஓட்டும்போது நம் மாவட்டத்துக்கென்று ஒரு தவறு இருக்கிறது. கீரிப்பாறை எஸ்டேட் பக்கம் ஏறிவிட்டுத் திரும்பும்போது, நீள இறக்கத்தில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு வருவோம், பெட்ரோல் மிச்சம் என்று. பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் வண்டியில் ஆக்சிலேட்டர் மூடியிருந்தால் ஆயிலும் வராது. எஞ்சினோ சக்கரத்தோடு சேர்ந்து வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இறக்கத்தில் கிளட்சைப் பிடித்து நாலு வளைவுக்கு ஒரு தரம் லேசாக ஒரு முறுக்கு கொடுங்கள். நான் இப்போது அப்படித்தான் இறங்குகிறேன், இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேல்.