அரசுப் பள்ளி ஆசிரியரின் உழைப்பைப் பெற்றோர் எடைபோடுவது எப்படி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ்வழி அரசுப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் நாம், எத்தனை பேருக்கு ஏ பிளஸ் என்ற ஒரே கேள்வியில் ஆசிரியரின் தரத்தை முடிவு கட்டிவிடுகிறோம். அப்படிச் சொல்வதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை சில உண்டு.

முதலில், பேசப்படும் தேர்வு எதை அளக்க வைக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2021 நவம்பர் 12 அன்று 3, 5, 8, 10 ஆம் வகுப்புகளுக்கு நடந்த தேசிய அடைவுத் தேர்வும், 2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9 ஆம் வகுப்புகளுக்கு நடந்த பரக் என்ற தேசியக் கற்றல் அடைவு ஆய்வும், சில பள்ளிகளை மட்டும் மாதிரியாக எடுத்து மாநிலம், மாவட்டம் என்ற அளவில் நிலவரம் சொல்பவை; உங்கள் பிள்ளையின் ஆசிரியரை எடைபோடுபவை அல்ல. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான்; ஆனால் அந்தப் பதம் அந்தப் பானைக்குத்தான், பக்கத்து வீட்டு அடுப்புக்கு அல்ல.

அடுத்தது நோட்டுப் புத்தகம்; நேரம் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான். ஜூன் மாதப் பக்கத்தையும் நவம்பர் மாதப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். நான்காம் வகுப்புக் குழந்தை, 'தாகம் எடுத்தது, வெள்ளம் குடித்தேன்' என்று எழுதியிருக்கும். கடையிலும் பேருந்திலும் மலையாளம் கேட்டு வளரும் பிள்ளைக்கு வெள்ளம் என்றால் தண்ணீர்தானே. தேர்வுத் தாளில் அது ஒரு பிழை, அவ்வளவுதான். கவனமுள்ள டீச்சரோ அதை அடித்துவிட்டு நகராமல், மேலே 'தண்ணீர்' என்று எழுதி, 'ஆற்றில் வெள்ளம் வந்தது' என்ற வாக்கியத்தையும் கீழே எழுதச் சொல்லியிருப்பார். நவம்பரில் அதே குழந்தை இரண்டு சொற்களையும் இடமறிந்து எழுதினால், எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறாத வேலை ஒன்று நடந்திருக்கிறது. மாறாக, பக்கமெல்லாம் சிவப்பு மையில் சரிக்குறி மட்டும் இருந்து பிழைகள் அப்படியே கிடந்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளி என்பதற்காகப் பரிந்து பேசுவது பிள்ளைக்கு உதவாது.

மதிப்பெண் போன கணக்கைப் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மலையாளத்திலிருந்து தமிழாக்கிய வினாத்தாளில் வாக்கியமே முடிச்சாகிவிடுவதுண்டு. என் மகள் தவறவிட்ட பின்னக் கணக்கை நான் பேச்சுத் தமிழில் சொன்னதும் அரை நிமிடத்தில் போட்டாள்.

வகுப்பு பி.டி.ஏ. (பெற்றோர்-ஆசிரியர் சங்க) கூட்டத்தில், 'எப்படிப் படிக்கிறான்' என்று கேட்டால் 'பரவாயில்லை' என்ற பதில்தான் வரும். போன மாதம் வராதது இப்போது எது வருகிறது, இன்னும் எது வரவில்லை என்று கேளுங்கள். மார்க் பதிவேட்டைப் புரட்டாமலே இதற்கு விடை சொல்பவர், பிள்ளையை அறிந்தவர். எஸ்.எஸ்.எல்.சி.யில் 100 மதிப்பெண் பாடத்தில் 20 தொடர் மதிப்பீட்டுக்கு உரியது என்பதால், அது எதற்கெல்லாம் போடப்பட்டது என்றும் கேட்கலாம்.

கடைசியாக, வகுப்பில் தலைகளை எண்ணுங்கள். 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. ஒருவரே இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தால், குறைந்த மதிப்பெண்ணுக்கு அவரிடம் கணக்குக் கேட்பதை விட்டு, பி.டி.ஏ. தீர்மானத்தோடு ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) அலுவலகத்துக்கு மனு கொடுங்கள். பணியிடம் எந்தத் தேதியிலிருந்து காலி என்று அதில் எழுதி, மனுவைப் பெற்றதற்கு ரசீது வாங்க மறக்காதீர்கள்.