எதிர்ப்புச் சக்தியும் புற்றுநோயும்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

முள் சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் எதிர்ப்புச் சக்தி கூடும், கூடினால் புற்றுநோய் கரைந்துவிடும் என்று நாகர்கோவில் பக்கம் யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். முதல் தவறு இதுதான். உடம்புக்குப் பலம் போதவில்லை என்று நினைக்கிறோம். பல நேரம் பலம் இருக்கிறது, ஆளைத்தான் அடையாளம் தெரிவதில்லை.

காய்ச்சல் கிருமி வெளியிலிருந்து வருகிறது. புற்றுநோய்ச் செல் நம்முடைய செல்தான். டிஎன்ஏவில் பிழைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கட்டுப்பாடு இழந்து பெருகுகிற செல். சொந்தச் செல்லைத் தொடாமல் இருக்கப் பழகிய டி செல்கள் (எதிர்ப்பு வேலை செய்யும் ஒருவகை வெள்ளை அணுக்கள்), அதிலுள்ள மாறிப்போன புரதங்களை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து அழிக்கவும் செய்கின்றன. (மாற்றுச் சிறுநீரகம் வைத்து, எதிர்ப்பை அடக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சில புற்றுநோய்கள் அதிகம் வருவது இதற்குச் சான்று.) தப்பிய செல்களில் பல, பிடி-எல்1 என்ற புரதத்தை மேல்பரப்பில் நீட்டி, டி செல்லிலுள்ள பிடி-1 என்ற பிரேக்கை அழுத்திவிடுகின்றன. டி செல் பக்கத்தில் வந்தும் சும்மா நிற்கும். இப்படிப்பட்ட பிரேக்குகளை விடுவிக்கும் சிகிச்சைக்கு வழிகாட்டிய ஜேம்ஸ் ஆலிசன், தாசுக்கு ஹோஞ்சோ இருவருக்கும் 2018இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்த மருந்தும் எல்லோருக்கும் கேட்பதில்லை. பிரேக் விட்ட செல்கள் சிலருக்குக் குடலையும் தைராய்டையும் தாக்கிவிடும். எதிர்ப்பு கூடக் கூட நல்லது என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அடுத்த தவறு, புற்றுநோய்க்குக் கடற்கரை மணல்தான் காரணம் என்பது. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டு, இயற்கைக் கதிர்வீச்சும் கூடுதல்தான். அதே வகை மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. நம் கரையில் எடுத்த ஆய்வு அல்ல, சரி. ஆனாலும் எல்லாப் பழியையும் மணல்மேல் போட்டுவிட்டு வெற்றிலையோடு புகையிலையை அதக்குவது என்ன கணக்கோ!

அப்புறம், கத்தி பட்டால் பரவும் என்று பயாப்சியை, அதாவது துளித் திசு எடுத்துப் பார்க்கும் சோதனையை, தள்ளிப்போடுவது. பயாப்சியால் பரவுவது மிக மிக அரிது. தள்ளிப்போடும் மாதங்களில் நோய் தானாகவே பரவிவிடலாம். எந்த வகை, பிடி-எல்1 எவ்வளவு என்பதெல்லாம் அந்தத் துளித் திசுவைப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு வாரம் கடந்தும் ஆறாத வாய்ப்புண்ணை நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியிலேயே காட்டலாம், திருவனந்தபுரம் போக நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.